ஏழாம் எண் வீடு

ஜூலை 6

குட்டியின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் சண்டை, மெசேஜில் எழுதினால் இரண்டே வரியில் சண்டை, அதனால் இனி காகிதத்தில் எழுதிக்கொள்வோம் என்று போன தடவை ரயில் நிலையத்தில் முடிவு செய்தோம் அல்லவா. முதல் கடிதம் என்னுடையதாகவே இருக்கட்டும். செய்தியைப் பூட்டி அனுப்புகிற கிரிப்டோகிராபி படிக்கப் போனவள் உறைக்குப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரியுங்கள். இங்கேயும் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவுதான். என் வகுப்பில் எனக்கு அடுத்தபடி மூத்தவனுக்கே இருபத்து நான்கு வயது. எல்லாருக்கும் நான் ஆன்ட்டி. பேராசிரியரே ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, அப்புறம் வகுப்பு முடியும்வரை என் பக்கமே திரும்பவில்லை.

விடுதி அறையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்து ஏ.சி. இயந்திரம் முகத்தில் அனல் காற்றை ஊதுகிறது. மூடினால் மூச்சு முட்டுகிறது. பாதி திறந்து வைத்துக்கொண்டு படிக்கிறேன். பத்து வருஷம் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் பிரிவில் உட்கார்ந்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டு வருகிற டாக்டர்களுக்கெல்லாம் மாற்றி மாற்றிக் கொடுத்தேனே, அப்போது இந்தப் பூட்டெல்லாம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள அத்தனை ஆசை. இப்போது தெரிந்துவிட்டது. பூட்டு என்றால் கணக்கு. பகா எண், வகுத்தால் மீதி, அந்த மீதிக்கு ஒரு மீதி. படித்துப் படித்து அலுத்துப் போகிறது. பரீட்சை பரவாயில்லை.

இத்துடன் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. ரவுட்டருக்குப் பக்கத்தில் செருகிவிடுங்கள். நெட்வொர்க் செக்யூரிட்டி பாடத்துக்கான வேலை. அவரவர் வீட்டிலிருந்து இணையத்துக்குப் போய் வருவதை நாங்கள் பதிவு செய்ய வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் பூட்டித்தான் போகும். நீங்கள் யாருக்கு என்ன எழுதுகிறீர்கள், எதைப் பார்க்கிறீர்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் இருக்கிற பெரியவர்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். தாள் உள்ளே இருக்கிறது. மூன்று பக்கம், படித்துக்கொண்டிருக்க வேண்டாம், போட்டு அனுப்பிவிடுங்கள்.

குட்டியைத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டே அனுப்புங்கள்.

அவள் அம்மா


ஜூலை 14

மாணவி அவர்களுக்கு,

பெட்டியைச் செருகியாயிற்று. பச்சை விளக்கு மினுக்குகிறது. குட்டி அதற்குக் குட்நைட் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறாள். கையெழுத்தும் போட்டுவிட்டேன். படிக்க வேண்டாம் என்றாய், படிக்கவில்லை. கல்யாணப் பதிவேட்டிலும் அப்படித்தான் போட்டேன்.

ஆபீசில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. லாரி தாமதம், கப்பல் தாமதம், சரக்கு எங்கே என்று கேட்டு யாராவது ஒருத்தர் கத்தல், எல்லாருக்கும் பதில் சொல்ல நான் ஒருத்தன். சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தால் சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு அத்தைதான் குட்டியைக் கூட்டி வந்து, நான் வரும்வரை பார்த்துக்கொள்கிறார். நல்ல மனுஷி, ஆனால் நம் டி.வி.யை விட்டு அசைய மாட்டேன் என்கிறார்.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. வந்ததும் வராததுமாக அந்த வாத்துக் கார்ட்டூனைப் போட்டுக்கொள்கிறாள். வேறு எத்தனையோ இருக்கிறது, ஆனால் அந்த ஒன்றே ஒன்றுதான் வேண்டுமாம். வாத்து ஏரிக்குள் விழுகிற இடத்தில் நானே இப்போது அவளுக்கு முன்னால் சிரித்துவிடுகிறேன்.

பூட்டித்தான் போகும் என்று எழுதியிருக்கிறாய், சரி. எதற்கும் ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், இந்தப் பெட்டி எத்தனை நாளைக்கு இருக்கும்?

நான்


ஆகஸ்ட் 20

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் ஏன் சரியாகப் பேசவில்லை என்று கேட்டீர்கள். குட்டி பக்கத்தில் இருந்தாள், அதனால் பேசவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எங்கள் பேராசிரியர் எல்லாருடைய பதிவுகளிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டு, வீட்டுக்கு ஓர் எண் கொடுத்து, சீட்டு மாதிரிக் கலைத்து மாற்றிக் கொடுத்தார். யாருடைய வீடோ எனக்கு, என் வீடு யாருக்கோ. பூட்டை உடைக்கக் கூடாது. எந்தக் கருவி எப்போது விழிக்கிறது, எப்போது ஓய்கிறது, எவ்வளவு இறக்குகிறது, இதை மட்டும் வைத்து அந்த வீட்டு மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். அதுதான் பாடம். பூட்டித்தான் போகும் என்று நான் உங்களிடம் சொன்னது உண்மை. பூட்டிய வீட்டின் வாசலில் நின்றாலே யார் வருகிறார், யார் போகிறார் என்று தெரிந்துவிடும் என்பதை நான் அப்போது படித்திருக்கவில்லை.

எங்கள் வகுப்பில் ஒரு கோமாளிப் பையன் உண்டு. அவன்தான் ஏழாம் எண் வீட்டைப் பற்றி எழுந்து வாசித்தான். வீட்டில் ஓர் ஆண், ஒரு குழந்தை. ஞாயிறு தோறும் ஒரு நீண்ட வீடியோ கால் போகிறது, ஆகவே வீட்டம்மா வெளியூரில். குழந்தை பள்ளி விட்டு வந்ததும் டேப்லெட்டில் ஒரே அளவுள்ள ஒரு வீடியோ திரும்பத் திரும்ப இறங்குகிறது, ஆகவே பிடித்த கார்ட்டூன் ஒன்றுதான். எனக்கு அப்போதே நம் வாத்து நினைவுக்கு வந்தது. ஆணின் கைபேசி பகல் முழுக்க வீட்டிலேயே இருக்கிறது. குழந்தை பள்ளிக்குப் போன கொஞ்ச நேரத்தில் வெளியாள் ஒருவரின் கைபேசி வந்து சேர்கிறது. குழந்தை வருவதற்கு முன்னால் கிளம்பிவிடுகிறது. சனி, ஞாயிறு வருவதே இல்லை. இவ்வளவையும் வாசித்துவிட்டுத் தாளை மடித்தான். "மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம். பாவம் அந்த வீட்டம்மா, எந்த ஊர்ல உக்காந்து படிக்கிறாங்களோ, வேலை பாக்கறாங்களோ" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடுமே.

யார் அந்த ஆள்? நீங்கள் எப்போதிலிருந்து ஆபீஸ் போகவில்லை? இரண்டுக்கும் ஒரே கடிதத்தில் பதில் எழுதுங்கள். தவணை முறையில் வேண்டாம்.


ஆகஸ்ட் 27

நீ கேட்டபடி ஒரே கடிதத்தில்.

வந்து போகிற ஆள் குடைக்காரர். ஆபீசில் எனக்கு எதிர் மேஜை, வெயிலோ மழையோ குடையில்லாமல் வெளியே கால் வைக்காத மனிதர், நம் வீட்டுக்கு இரண்டு தடவை சாப்பிட வந்திருக்கிறார். மே மாதம் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். எந்த லாரி எங்கே போக வேண்டும் என்பதை இனி மென்பொருள் பார்த்துக்கொள்ளுமாம். ஒரு வெள்ளிக்கிழமை எங்களை வரிசையாகக் கூப்பிட்டு, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி அனுப்பினார்கள். குடைக்காரருக்கு வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தினமும் டை கட்டிக்கொண்டு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் நான் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அதிலிருந்து சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு பேரும் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறோம். நடுவில் ஒரு டீ. பழக்க தோஷம், இப்போதும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மேஜையை விட்டு எழுந்திருப்பார். உன் வகுப்பு சிரித்தது இந்த இரண்டு கிழங்களைப் பார்த்துத்தான்.

ஏன் உன்னிடம் மறைத்தேன் என்றால், சொன்னால் நீ அடுத்த ரயிலில் ஏறியிருப்பாய். ஆஸ்பத்திரியில் போய்த் திரும்பவும் பாஸ்வேர்டு மாற்றிக்கொண்டு உட்காருவாய். அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க, இந்த மனுஷன் வேலை போய்த்தான் என் படிப்பும் போச்சு என்று வாயால் சொல்லாமல் முகத்தால் சொல்வாய். அந்த முகத்தை என்னால் தினமும் பார்க்க முடியாது. ஒரு வேலை கிடைத்ததும், பழைய கதை மாதிரி சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கிடைத்தபாடில்லை. நாற்பத்து இரண்டு வயது ஆளைக் கூப்பிட்டு, எங்கள் நிறுவனத்தில் எல்லாரும் இளைஞர்கள், உங்களுக்குச் சரிப்படுமா என்று அக்கறையாகக் கேட்கிறார்கள்.

சரி, நான் பொய் சொன்னேன். நீ என்ன செய்தாய்? படிக்காமல் கையெழுத்துப் போடு என்றாய். வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிற என் பகலை, நான் போட்ட டீயை, ஒரு கூட்டத்துக்கு நடுவே வைத்துச் சிரித்தாய். உனக்கே தெரியாமல் நடந்தது என்பாய். என் வேலையும் எனக்குத் தெரியாமல்தான் போயிற்று. யாரைப் போய்க் கேட்பது?

பெட்டியைப் பிடுங்கிவிட்டேன்.


செப்டம்பர் 3

பிடுங்கியது சரிதான்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பேராசிரியர் அறைக்குப் போய், ஏழாம் எண் என் வீடு என்று சொன்னேன். அவருக்கு முகமே செத்துவிட்டது. குடைக்காரர் சம்மதம் கொடுக்காதவர், அவர் கைபேசி அதில் இருக்கவே கூடாது, வகுப்பில் மாற்றிக் கொடுத்ததும் தன் தப்புத்தான் என்றார். என் கண் முன்னாலேயே அந்தப் பதிவை அழித்தார். நான் வேறு பதிவு எடுத்து முதலிலிருந்து செய்ய வேண்டும். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதை உங்களுக்குச் சேர வேண்டியதாக நினைத்து எழுதுகிறேன். என் பங்குக்கு நானும் கேட்கிறேன். படிக்க வேண்டாம் என்று சொன்னவள் நான். சிரித்தவளும் நான்.

ஆனால் ஒன்று இருக்கிறது, அதைப் போன கடிதத்தில் நான் எழுதவில்லை. அந்த வகுப்பு முடிந்த சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தேன். குட்டி எடுத்தாள். அப்பா எங்கே என்றேன். "ஆபீஸ்ல இருக்காரும்மா, இன்னைக்கு வேலை ஜாஸ்தியாம்" என்றாள். பின்னால் நீங்கள் இருமினீர்கள். பதினோரு வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல், எனக்குத் தெரியாதா? யாரும்மா இருமறது என்று கேட்டேன். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "பக்கத்து வீட்டு அத்தை டி.வி. பாக்கறாங்க, அதுல" என்று சொல்லிவிட்டு, விழுந்த பல்லைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள்.

ஏழு வயது. நீங்கள் என்னிடம் பொய் சொன்னது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும், அடித்துக்கொள்வோம், சமாதானம் ஆவோம். அவளுக்கு எதற்கு அந்த வேலையைக் கொடுத்தீர்கள்? இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நான் வருகிறேன். விலகல் படிவம் வாங்கிவிட்டேன். குடும்பச் சூழ்நிலை என்று காரணம் எழுதியாயிற்று, கையெழுத்துத்தான் பாக்கி. ஆஸ்பத்திரியிலும் பேசிவிட்டேன். என் நாற்காலிக்கு இன்னும் ஆள் போடவில்லையாம்.


செப்டம்பர் 11

குட்டி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். முதலில் அம்மாவிடம் சொல்லாதே என்று மட்டும்தான் சொன்னேன். சொல்லக் கூடாதென்றால் என்ன சொல்வது என்று அவள் கேட்டாள். நான் சொல்லிக் கொடுத்தேன். உன் போன் வரும் நேரத்துக்கு முன்னால் ஒரு தடவை எனக்கு ஒப்பித்துக் காட்டுவாள், சரியாகச் சொன்னால் நான் முதுகில் தட்டிக் கொடுப்பேன். அப்போது அது பாதி விளையாட்டாகத்தான் தெரிந்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

குடைக்காரரிடமும் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. நீங்கள் தினமும் வந்து போவது ஒரு வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது, பதிவை அழித்துவிட்டார்கள், ஆனால் உங்களை என் கள்ளக் காதலி என்று நினைத்துவிட்டார்கள் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு என்று பார்த்து மழை வேறு. அப்புறம் வரவே இல்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் நின்று பார்க்கிற அந்தப் பாடத்தை நானும் கொஞ்சம் படித்துவிட்டேன். போன பருவத்தில் ஒவ்வொரு பரீட்சை முடிவு வந்தபோதும் எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி போனில் மார்க்கைக் கத்தினாய். நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வேன். கிரிப்டோகிராபி முடிவு வந்த மாதம் நீ மார்க்கே சொல்லவில்லை. கடிதத்தில் பரவாயில்லை என்று ஒரே ஒரு சொல், அதுவும் பத்தியின் கடைசியில், யாரும் பார்க்காத இடமாகப் பார்த்துப் போட்டிருந்தாய். நீ தேறவில்லை. அதற்கு எந்தப் பெட்டியும் தேவையில்லை.

வருவதானால் வா. இது உன் வீடு, உன்னைத் தடுக்க நான் யார்? முடியவில்லை, அலுத்துவிட்டது என்று வந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் பையை வாங்கி உள்ளே வைப்பேன். ஆனால் என் வேலை போனதை அந்தப் படிவத்தில் எழுதிக்கொண்டு வராதே. எனக்கு ஏற்கெனவே சுமக்க நிறைய இருக்கிறது.


செப்டம்பர் 20

குட்டியின் அப்பாவுக்கு,

தேறவில்லைதான். சொல்ல வெட்கமாக இருந்தது. இத்தனை பேரை அலைக்கழித்து, குழந்தையை விட்டுவிட்டு வந்து, ஒரு பாடத்தில் தேறவில்லை என்று எந்த வாயால் சொல்வது? வகுப்பில் தலையாட்டுகிறேன், புரிகிற மாதிரியே இருக்கிறது. அறைக்கு வந்து தாளை எடுத்தால் ஒரு வரி நிற்பதில்லை. பிள்ளைகள் அரட்டை அடித்துக்கொண்டே போடுகிற கணக்குக்கு எனக்கு ஒரு பகல் ஆகிறது, அதுவும் தப்பாக வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் வேலை போனது தெரிந்த அன்றைக்கு எனக்கு அவ்வளவு கோபம், அவ்வளவு அழுகை. அதற்கு நடுவே எங்கோ ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. அப்பாடா, இனி ஊருக்குப் போகலாம், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று. இதை எழுதக் கை கூசுகிறது.

உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் படிவத்தைத் தொடவில்லை. நேற்று எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் ஓர் அம்மா, காதில் போனை இடுக்கிக்கொண்டே முத்திரை குத்துகிறவர். காரணத்தைப் பார்த்துவிட்டு, எல்லாரும் இதையே எழுதுகிறார்கள், இதை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, கொஞ்சம் விவரமாக எழுதிக் கொடுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார். உங்கள் வேலையைப் பற்றித்தான் எழுதப் போனேன். முதல் எழுத்துக்கூட வரவில்லை. குடும்பச் சூழ்நிலையை அடித்துவிட்டு, கிரிப்டோகிராபி பாடம் எனக்குப் புரியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா வாசித்தார். சிரிக்கவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. "இதுக்கு விலகல் எல்லாம் கிடையாதும்மா. இதுக்கு மறுதேர்வுதான். பக்கத்து ஜன்னல்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பக்கத்து ஜன்னலில் வரிசை மாடிப்படி வரைக்கும் நின்றது. எனக்கு முன்னால் அந்தக் கோமாளிப் பையன். ஆன்ட்டி நீங்களுமா என்றான். நானும்தான்டா என்றேன். ஏழாம் எண் வீடு யாருடையது என்று அவனுக்கு இன்னும் தெரியாது. சொல்லலாமா என்று நினைத்தேன், அவன் முகம் தொங்கிப் போயிருந்ததைப் பார்த்து விட்டுவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பேரும் நூலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போடப் போகிறோம். எனக்குச் சொல்லித்தர அவனுக்குத் தெரியாது, அவனுக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியாது.

ஆகவே டிசம்பரில் மறுதேர்வு முடியும்வரை வரவில்லை. தேறிவிடுவேன் என்று சத்தியமெல்லாம் செய்யவில்லை. அதுவரை உங்களால் சமாளிக்க முடியாவிட்டால் மறைக்காமல் எழுதுங்கள், அப்போது கிளம்பி வருவது வேறு விஷயம். குட்டியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று. அம்மா ஃபெயில் ஆனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இனி அவள் எனக்கு எதையும் ஒப்பிக்க வேண்டாம்.

உங்கள் மேல் கோபம் இன்னும் போகவில்லை. போனதும் எழுதுகிறேன்.

அவள் அம்மா


செப்டம்பர் 28

குட்டியின் அம்மாவுக்கு,

கோபம் இருக்கட்டும். கடிதத்தின் மேலே குட்டியின் அப்பாவுக்கு என்று மறுபடியும் போட்டிருந்தாய், எனக்கு இப்போதைக்கு அது போதும்.

குடைக்காரர் நேற்று வந்து குடையை எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் சொல்லிவிட்டாராம். அவர் மனைவிக்கு இரண்டாவது வாரத்திலேயே தெரியுமாம். தெரிந்தும் தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டு, டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன் என்றாராம். அதைச் சொல்லும்போது அந்த மனுஷன் வாசலில் நின்றுகொண்டு அழுதுவிட்டார். எனக்கு ஒரு கிடங்கில் இரவு நேர மேற்பார்வை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். குட்டியைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது, அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

குட்டியிடம் சொல்லிவிட்டேன். பள்ளி விட்டு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அப்பாவுக்கு வேலை போனது அம்மாவுக்குத் தெரியும், இனி நீ எதையும் மறைக்க வேண்டாம், அப்பா உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது தப்பு என்றேன். அம்மா திட்டினாளா என்று கேட்டாள். திட்டினாள் என்றேன். உன்னையா என்னையா என்றாள். என்னைத்தான் என்றதும் அவளுக்கு மூச்சு வந்தது. நீ ஃபெயில் ஆனதைச் சொன்னேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவள் வகுப்பிலும் இரண்டு பேர் அப்படி இருக்கிறார்களாம்.

இன்னொரு ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். அப்புறம், "அப்போ ஞாயித்துக்கிழமை அம்மா கேட்டா என்ன சொல்லணும்?" என்றாள். நிஜத்தைச் சொல் என்றேன்.

"சரிப்பா. அது என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு, நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்."

உன் பாடத்தில் கேட்டுப் பார், இதற்கு யாராவது ஏதாவது கண்டுபிடித்திருக்கிறார்களா என்று. நான் இன்னும் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் பென்சிலைச் சீவி மேஜை மேல் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறாள்.

நான்